உங்கள் கணவரின் வாயை அடைத்தது யார்?

கேள்வி: ஐயா, நாங்கள் டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஹெச்-1பி விசாவில் வந்து, கிரீன் கார்டுக்கு வருடக்கணக்காகக் காத்திருந்து, பிறகு குடியுரிமை வாங்கியவர்கள். என் கணவருக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. இங்கே முதல் ஓட்டிலிருந்து குடியரசுக் கட்சிக்குத்தான் போடுகிறார். வரி குறைய வேண்டும், குடும்பம் கட்டுக்கோப்பாக இருக்க வேண்டும், தகுதிக்கு மதிப்பு வேண்டும் என்பார். அதில் எனக்குக் குறையில்லை, நானும் பாதி அப்படித்தான். ஆனால் 2020க்குப் பிறகு இரவு ஒரு மணி வரை போனும் கையுமாக இருக்கிறார். "எங்க வாயை அடைச்சிட்டாங்க, கம்பெனிக்காரன் எல்லாம் ஒரே கட்சி" என்கிறார். மகன் ஆஸ்டினில் அரசியல் அறிவியல் படிக்கிறான். "அது தனியார் கம்பெனி, அவங்க இஷ்டம். யாரும் யாரையும் அடக்கல. அல்காரிதம் வலதுசாரியைத்தான் தூக்கிவிடுது" என்பது அவன் கட்சி. போன தேங்க்ஸ்கிவிங் அன்று பாதிச் சாப்பாட்டில் தட்டோடு எழுந்து போய்விட்டான். 2024 டிசம்பரில், இவர் பின்தொடரும் அதே ஆட்கள் இந்தியர்களைக் கேவலமாக எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு பதிவுகள் கூடியதே தவிரக் குறையவில்லை, அதுவும் சொந்தப் பெயரில். இரண்டு பேரில் யார் சொல்வது சரி? இவர் வேலைக்கு ஆபத்து வருமா? நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், டெக்சாஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை அந்த டிசம்பர் வரியைத் தாண்ட முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். நான் ஊடகச் சட்டத்தில் வழக்காடுபவன், குடும்ப ஆலோசகன் இல்லை. எனவே யார் சொல்வது சரி என்ற கேள்விக்கு, நான் படித்த தீர்ப்புகளையும் ஆவணங்களையும் வைத்துத்தான் பதில் சொல்வேன்.

உங்கள் கணவரின் மனக்குறைக்கு ஆதாரம் உண்டு. அதை முதலில் உங்கள் மகன் காதில் போடுங்கள். 2020 அக்டோபர் 14 அன்று நியூயார்க் போஸ்ட் நாளிதழ், அன்றைய ஜனாதிபதி வேட்பாளர் ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடனின் மடிக்கணினி பற்றிய செய்தியை வெளியிட்டது. தேர்தலுக்கு மூன்று வாரம்கூட இல்லை. ட்விட்டர் அந்தச் செய்தியின் இணைப்பைப் பகிரவே விடவில்லை, தனிச்செய்தியில் அனுப்பவும் முடியவில்லை. நாளிதழின் கணக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. ஃபேஸ்புக், சரிபார்க்கும் வரை என்று சொல்லிச் செய்தியின் பரவலைக் குறைத்தது. தடுத்தது தவறு என்று ட்விட்டரின் தலைவர் ஜாக் டோர்சியே பின்னர் ஒப்புக்கொண்டார். 2024 ஜூனில் ஹன்டர் பைடன் மீதான துப்பாக்கி வழக்கில் அரசுத் தரப்பு அதே மடிக்கணினியைச் சாட்சியமாக வைத்தது. இதெல்லாம் தெரிந்த ஒருவர் இனி கம்பெனிக்காரன் சொல்வதை அப்படியே நம்ப மாட்டேன் என்றால், அதை மூளைச்சலவை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அடுத்தது 2021 ஜனவரி. நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது தாக்குதல் நடந்த இரண்டாம் நாள், 8 கோடியே 80 லட்சம் பேர் பின்தொடர்ந்த டிரம்பின் கணக்கை ட்விட்டர் நிரந்தரமாக நீக்கியது. ஃபேஸ்புக் கால வரையறை சொல்லாமல் நிறுத்தி வைத்தது. பார்லர் என்ற வலதுசாரித் தளத்தை ஆப்பிளும் கூகுளும் தங்கள் கடைகளிலிருந்து எடுத்துவிட்டன, அமேசான் தன் சர்வரிலிருந்து இறக்கிவிட்டது. வன்முறையைத் தூண்டும் பதிவுகளை அகற்ற வேண்டிய அவசரம் அப்போது இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. இருந்தாலும் ஒரு ஜனாதிபதியின் கணக்கை ஒரு கம்பெனி நீக்குவது பிரச்சினைக்குரியது என்று ஜெர்மனியின் அங்கேலா மெர்க்கெல் தன் செய்தித் தொடர்பாளர் மூலம் சொன்னார். ரஷ்யாவில் புதினை எதிர்த்த அலெக்ஸே நவால்னியும் கண்டித்தார். இருவருமே டிரம்ப் ரசிகர்கள் கிடையாது. ஃபேஸ்புக் தானே அமைத்த மேற்பார்வைக் குழுகூட, தண்டித்தது சரி, எத்தனை நாள் என்று சொல்லாமல் தண்டித்தது தவறு என்றது.

உங்கள் மகனும் சட்டத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறான். பேச்சுரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது, கம்பெனியை அது கட்டுப்படுத்தாது. இதை உங்கள் மாநிலமே நீதிமன்றத்தில் சோதித்துப் பார்த்தது. ஐந்து கோடிக்கு மேல் அமெரிக்கப் பயனாளர்கள் உள்ள தளங்கள் யாருடைய பதிவையும் அவரது கருத்துக்காக நீக்கக் கூடாது என்று டெக்சாஸ் 2021 செப்டம்பரில் சட்டம் போட்டது. புளோரிடாவிலும் அதுபோல ஒரு சட்டம் வந்தது. இரண்டும் உச்ச நீதிமன்றம் போயின. 2024 ஜூலை 1 அன்று வந்த தீர்ப்பில், இரண்டு வழக்குகளையும் மறுபடி விசாரிக்கும்படி கீழே அனுப்பினார்கள். ஆனால் நீதிபதி எலினா கேகன் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தது: எதைப் போடுவது, எதை விடுவது, எதை மேலே வைப்பது என்று ஒரு தளம் தீர்மானிப்பது பத்திரிகை ஆசிரியர் செய்யும் வேலையைப் போன்றது. அதுவும் கருத்துச் சுதந்திரம்தான். சமநிலை வரட்டும் என்று சொல்லி அரசு அதில் கை வைக்க முடியாது. இந்தப் பதிலை அச்சேற்ற மாட்டேன் என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் சொன்னால் அவர்மீது நான் வழக்குப் போட முடியாது. அதே நியாயம்தான்.

எனவே கம்பெனி என்ற அளவில் மகன் சொல்வது சட்டம், தந்தை சொல்வது வருத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். உங்கள் வீட்டில் ஒருவர் சட்டத்தைப் பேச, மற்றவர் நியாயத்தைப் பேசுகிறார். ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லவே இல்லை.

"யாரும் யாரையும் அடக்கல" என்று மகன் சொல்கிறானே, அந்த இடத்தில் அவன் அவசரப்படுகிறான். கம்பெனியின் முதுகுக்குப் பின்னால் அரசாங்கம் நின்றால்? 2022 மே மாதம் மிசௌரி, லூசியானா மாநிலங்கள் போட்ட வழக்கு இதைத்தான் கேட்டது. கோவிட் பற்றியும் தேர்தல் பற்றியும் வந்த பதிவுகளை நீக்கச் சொல்லி பைடன் அரசின் அதிகாரிகள் கம்பெனிகளை நெருக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. உச்ச நீதிமன்றத்தில் அதன் பெயர் 'மூர்த்தி எதிர் மிசௌரி'. மூர்த்தி என்பது, பொதுச் சுகாதாரத்துக்கான மூத்த அரசு மருத்துவ அதிகாரியாக, அதாவது சர்ஜன் ஜெனரலாக, அன்று இருந்த விவேக் மூர்த்தி. கீழ் நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சாதகமாகத் தடை உத்தரவு போட்டது. 2024 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. இந்தத் தீர்ப்பை இரு தரப்பும் தப்பாகவே மேற்கோள் காட்டுகின்றன. அரசு நெருக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வழக்குப் போட்டவர்களுக்கு வந்த பாதிப்பு அரசின் நெருக்கடியால்தான் வந்தது என்று அவர்கள் காட்டவில்லை, ஆகவே இந்த வழக்கைத் தொடுக்க அவர்களுக்குத் தகுதி இல்லை என்றுதான் நீதிபதி ஏமி கோனி பேரெட் எழுதினார். கேள்விக்குள்ளேயே போகவில்லை. இரண்டு மாதம் கழித்து மார்க் ஸக்கர்பெர்க் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், 2021இல் வெள்ளை மாளிகை அதிகாரிகள் மாதக்கணக்கில் தங்களை நெருக்கினார்கள் என்றும், கேலி நையாண்டிப் பதிவுகளையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை என்றும், இதை அப்போதே வெளியே சொல்லாதது வருத்தம் தருகிறது என்றும் எழுதினார். எதை நீக்குவது என்ற முடிவு தங்களுடையதே என்றும் அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். இந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் கணவர் பார்க்கும் காணொளிகளில் வெட்டிவிட்டிருப்பார்கள். முழுக் கடிதத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கணவரிடம் ஒரு கேள்வி. 2025 செப்டம்பரில் வலதுசாரிப் பிரச்சாரகர் சார்லி கர்க் கொலைக்குப் பிறகு, நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தும் ஜிம்மி கிம்மல் பேசிய பேச்சுக்காக, ஒளிபரப்பு உரிமங்களைக் கையில் வைத்திருக்கும் ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார் ஒரு பேட்டியில் தொலைக்காட்சி நிறுவனத்தை எச்சரித்தார். அன்றே நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது, சில நாளில் திரும்பி வந்தது. அந்த எச்சரிக்கையைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் ஒருவர் உங்கள் டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸ். கிம்மல் பேசியதைத் தான் வெறுப்பதாகச் சொல்லிவிட்டுத்தான், இது மாஃபியாக்காரன் கடைக்குள் வந்து மிரட்டுவது போல இருக்கிறது, இதை இன்று நாம் அனுமதித்தால் நாளை எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்து பழமைவாதிகள் மீது இதையே பிரயோகிக்கும் என்றார். உங்கள் கணவர் 2021இல் பேசியது கொள்கையா, கட்சியா என்று அவர் தனக்குத்தானே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு வராது. உண்மையான பழமைவாதி அரசாங்கத்தின் கை நீளுவதைப் பார்த்து முதலில் பயப்படுகிறவர். அந்த மரபில் எனக்கு மரியாதை உண்டு.

எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதம் பற்றி மகன் சொல்வது முக்கால் பங்கு சரி. ட்விட்டர் கம்பெனியின் ஆய்வாளர்களே 2021இல் ஏழு நாடுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் ஜெர்மனி தவிர ஆறிலும், இடதுசாரி அரசியல்வாதிகளைவிட வலதுசாரிகளின் பதிவுகளையே அல்காரிதம் அதிகம் பெருக்கியது. அமெரிக்காவும் அந்த ஆறில் ஒன்று. தங்களை அமுக்குகிறார்கள் என்று வலதுசாரிகள் சொல்லிக்கொண்டிருந்த அதே காலம் அது. ஆனால் கணக்கு முடக்கத்தில் வித்தியாசம் இருந்ததும் உண்மை. 2024 அக்டோபரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, 2020 தேர்தலில் டிரம்ப் ஆதரவு ஹேஷ்டேக் போட்டவர்களின் கணக்குகள் பைடன் ஆதரவாளர்களுடையதைவிட 4.4 மடங்கு முடக்கத்துக்கு ஆளாகியிருந்தன என்கிறது. இதோடு நிறுத்தினால் உங்கள் கணவர் ஜெயித்துவிடுவார். அதே ஆய்வு அந்த டிரம்ப் ஆதரவாளர்கள் நம்பகம் குறைந்த தளங்களின் செய்திகளை அதிகம் பகிர்ந்ததையும் அளந்தது. எந்தத் தளம் நம்பகமானது என்று குடியரசுக் கட்சி ஆதரவாளர்களை மட்டும் வைத்து மதிப்பிட்டாலும் அந்த வித்தியாசம் மறையவில்லை. ஆகவே, முடக்கம் ஒருபக்கமாக விழுந்தது என்பதை மட்டும் வைத்துப் பாரபட்சம் என்று முடிவுகட்ட முடியாது, பாரபட்சமே இல்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். இப்படிப்பட்ட பதில் யார் போனிலும் பகிரப்படாது.

கோபம் எப்படிப் பணமாகிறது என்பது இரண்டு பேருக்குமே தெரிந்திருக்க வேண்டும். 2017இல் ஃபேஸ்புக் கோபக் குறிக்கு ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்பெண் கொடுத்தது. எது மனிதரைக் கொதிக்க வைத்ததோ அது மேலே ஏறியது. பின்னால் அந்த மதிப்பெண்ணை அவர்களே பூஜ்யமாக்கினார்கள். எக்ஸ் தளமோ (பழைய ட்விட்டர்தான்) 2023 முதல், தம் பதிவுகளுக்கு அதிக வரவேற்பு கிடைக்கும் கணக்குகளுக்குக் காசு கொடுக்கிறது. 2025 நவம்பரில் அது ஒவ்வொரு கணக்கும் எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்று காட்டத் தொடங்கியபோது, அமெரிக்கக் கொடியும் கழுகும் படமாக வைத்த எத்தனையோ தேசபக்தக் கணக்குகள் கிழக்கு ஐரோப்பாவிலும் நைஜீரியாவிலும் வங்கதேசத்திலும் இருப்பதாகத் தெரிந்தது. அந்தத் தகவல் எல்லாக் கணக்குக்கும் துல்லியம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் உங்கள் கணவர் தினமும் படிக்கும் பத்துக் கணக்குகளின் பெயரைத் தொட்டு, சேர்ந்த தேதியையும் நாட்டையும் அவரே பார்க்கட்டும். ஐந்து நிமிட வேலை. நீங்களோ மகனோ பார்த்துச் சொல்ல வேண்டாம், அவர் கையாலேயே செய்யட்டும்.

இனி அந்த டிசம்பர்.

2024 டிசம்பர் 22 அன்று, சென்னையில் பிறந்து வளர்ந்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஆலோசகராக டிரம்ப் அறிவித்தார். கிரீன் கார்டுக்கு நாடு வாரியாக இருக்கும் உச்சவரம்பை எடுக்க வேண்டும் என்று அவர் முன்பு எழுதியிருந்ததை வலதுசாரிப் பிரச்சாரகர் லாரா லூமர் போன்றவர்கள் எடுத்துப் போட்டுத் தாக்கினார்கள். இரண்டே நாளில் பேச்சு கொள்கையை விட்டு, நம் நிறம், நம் சாப்பாடு, நம் சாமி என்று இறங்கிவிட்டது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த குடியரசுக் கட்சிக்காரர் விவேக் ராமசாமி, திறமையுள்ள வெளிநாட்டவரை ஏன் எடுக்கிறார்கள் என்று விளக்கி எழுதப் போக, வசவு இன்னும் கூடியது. ஈலான் மஸ்க் ஹெச்-1பி பக்கம் நின்றார். அவரை எதிர்த்து எழுதிய சில வலதுசாரிக் கணக்குகள், தங்கள் நீல முத்திரையும் வருமானமும் பறிபோனதாகப் புகார் சொன்னார்கள். கருத்துச் சுதந்திரத்துக்காகவே 2022இல் 4,400 கோடி டாலர் கொடுத்து வாங்கினேன் என்று மஸ்க் சொன்ன தளத்தில், அவருடைய சொந்த முகாமிலிருந்தே அந்தப் புகார் வந்தது.

கிரீன் கார்டு வரிசையில் நின்று தேய்ந்தவர் உங்கள் கணவர். அந்த உச்சவரம்பு என்றால் என்ன என்று ஒருவரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தன் ஆட்கள் என்று நான்கு வருடம் நம்பிப் பேசியவர்கள் அந்த வாரம் அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். அந்த வலியை அவர் யாரிடம் சொல்வார்? மகனிடம் சொன்னால், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று வரும். உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். ஆகவே, தானும் அந்த வீட்டுக்காரன்தான் என்று காட்ட இன்னும் உரக்கப் பேசுகிறார் என்று நான் நினைக்கிறேன். நான் அவரைப் பார்த்ததில்லை, தவறாகவும் இருக்கலாம். ஆனால் சொந்தப் பெயரில் எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

போனைப் பிடுங்காதீர்கள், வைஃபையை அணைக்காதீர்கள். அடக்குகிறார்கள் என்று ஏற்கெனவே நினைப்பவரிடம் அதைச் செய்தால் வீடும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும். ஒரு நாள், அரசியல் எதுவும் பேசாத நேரத்தில், அந்த டிசம்பர் இரவு உங்களை நான் பார்த்தேன், எனக்கும் வயிறு எரிந்தது என்று மட்டும் சொல்லுங்கள். பதில் எதிர்பார்க்காதீர்கள். அவர் கட்சி மாற வேண்டும் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் விரும்பவில்லை. பழமைவாதியாக இருந்துகொண்டே அந்த வசவைக் கண்டிக்கலாம், அன்று கண்டித்தவர்கள் அந்தப் பக்கத்திலேயே உண்டு.

மகனிடம் பேசும்போது இந்த ஆய்வைச் சொல்லுங்கள். 2020 செப்டம்பரில் வலதுசாரிச் சேனலான ஃபாக்ஸ் நியூஸ் பார்ப்பவர்கள் சிலருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து ஒரு மாதம் சிஎன்என் பார்க்க வைத்தார்கள் இரண்டு ஆராய்ச்சியாளர்கள். கட்சி மாறவில்லை. ஆனால் கோவிட் பற்றியும் மற்ற சிலவற்றிலும் அவர்கள் அறிந்திருந்த தகவல்கள் மாறின, தங்கள் சேனல் எதைக் காட்டாமல் விடுகிறது என்பதையும் கொஞ்சம் பார்த்தார்கள். காசு நின்றதும் பழைய சேனலுக்கே போனார்கள், மாறியதும் மெல்லக் கரைந்தது. ஒரு தேங்க்ஸ்கிவிங் சாப்பாட்டில் அப்பாவை மாற்றிவிடலாம் என்று அவன் நினைத்தது நடக்காத காரியம். மாதக்கணக்கில் கூடவே இருக்கத் தயாரா என்று கேளுங்கள்.

இருவரும் சேர்ந்து படிக்க ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். 2024 மே 30 அன்று வந்த 'என்ஆர்ஏ எதிர் வுல்லோ'. துப்பாக்கி உரிமைச் சங்கமான என்ஆர்ஏவோடு வியாபாரம் செய்யாதே என்று நியூயார்க் அதிகாரி ஒருவர் காப்பீட்டுக் கம்பெனிகளை மிரட்டினார் என்பது புகார். அந்தச் சங்கத்துக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்றது, பல விஷயங்களில் அதற்கு நேர் எதிரான ஏசிஎல்யூ என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு. தீர்ப்பை எழுதியவர் தாராளவாத நீதிபதி சோனியா சோட்டோமயோர். ஒன்பது பேரும் ஒரே பக்கம். ஒரு கருத்தைத் தண்டிக்க அரசு அதிகாரி தனியாரை மிரட்டி அவர்கள் கையால் செய்விக்கக் கூடாது என்பதுதான் சாரம். உங்கள் கணவர் 2021இல் எதைக் கேட்டாரோ அது அதில் இருக்கிறது. கிம்மல் விஷயத்தில் உங்கள் மகன் கேட்டிருக்கக் கூடியதும் அதில் இருக்கிறது. படித்துவிட்டுச் சண்டை போடட்டும், அப்போது ஒரே காகிதத்தைப் பார்த்தாவது போடுவார்கள்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். இதில் மகன் சொன்ன அதே சட்டம் உங்கள் கணவருக்கு எதிராகத் திரும்பும். தனியார் கம்பெனியில் வேலை பார்ப்பவரை முதல் திருத்தம் காப்பாற்றாது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் ஊழியரின் அரசியல் செயல்பாட்டுக்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. டெக்சாஸில் தனியார் ஊழியருக்கு அப்படிப் பொதுவான பாதுகாப்பு இல்லை, காரணம் சொல்லாமலே அனுப்பலாம். 2025 செப்டம்பரில் ஒரே ஒரு பதிவுக்காக வேலை இழந்தவர்கள் நாடு முழுக்க இருந்தார்கள், அன்று அது பெரும்பாலும் மறுபக்கத்து ஆட்கள் மேல் விழுந்தது. அரசு வேலை என்றால் கணக்கு கொஞ்சம் வேறு, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

வரி பற்றியோ எல்லை பற்றியோ எழுதுவதைவிட, ஒரு மதத்தையோ இனத்தையோ இழித்து வரும் பதிவைப் பகிர்வதுதான் அதிக ஆபத்து. அதே மதத்துக்காரர் அவருக்குக் கீழே வேலை பார்த்தால், அது பாகுபாட்டு வழக்காகவே கம்பெனி மேல் திரும்பலாம், கம்பெனி அதுவரை காத்திருக்காது. அலுவலகக் கையேட்டில் சமூக ஊடகம் பற்றிய பகுதியை இந்த வாரமே அவரைப் படிக்கச் சொல்லுங்கள். கணக்கில் கம்பெனி பெயர் இருந்தால் எடுத்துவிடட்டும். இரவு பதினொரு மணிக்கு மேல் எழுதுவதைக் காலை வரை வரைவிலேயே வைக்கட்டும். கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் ஏதும் வந்தால், பழைய பதிவுகளை அழித்துவிட்டு ஓடிவர வேண்டாம். எதையும் தொடாமல் முதலில் டெக்சாஸில் வேலைச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.